விதர்கோம்ப் ஒளித்துவைத்த மனிதன்

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தூறல் விடுவதா வலுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வருடங்களுக்கு முன் விலங்கு பூட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்ட ஆமோஸ் ஹேட்டர், போனபோது இருந்த அதே இருபத்தாறு வயதோடு, முழங்கால்வரை செம்மண் அப்பிய கால்களோடு, விதர்கோம்ப் கிராமத்துக்குள் நடந்து வந்தான். அவனை முதலில் பார்த்தவள் மார்ஜரி பெல். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, ஊர் மன்றத்தின் தலைவி, அப்போது குளத்தங்கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்தாள். அவனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்கள் ஆமோஸாகத்தான் இருக்க வேண்டும். பாவம், மோசமான நாளாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள், நேற்றெல்லாம் நல்ல வெயில்" என்றாள்.

"நடந்து வர இவ்வளவு நாளாகிவிட்டது" என்றான் ஆமோஸ்.

"கடல் இருக்கிறதே?"

"சுற்றி வந்தேன்."

மார்ஜரி அதற்குமேல் துருவவில்லை. துருவுவது அந்த ஊரில் மரியாதை இல்லை.

விதர்கோம்ப், தெற்கு இங்கிலாந்தில் இரண்டு சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, பொத்திய கைக்குள் வைத்த முட்டை போல இருக்கிற ஊர். அறுபத்தோரு வீடுகள், சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள், ஒரு குளம், ஒரு மதுக்கடை, எண்ணூறு வருடத்துக் கோயில், கோயிலைச் சுற்றிக் கல்லறைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் அறிவிப்புப் பலகை. யாரிடமும் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பலகையில்தான் ஊர் சொல்லிக்கொள்ளும். வாயால் பேசும்போது அது வேறு பாஷை. பரவாயில்லை என்றால் பிரமாதம் என்று அர்த்தம், சுவாரஸ்யமாக இருக்கிறது என்றால் சகிக்கவில்லை என்று அர்த்தம், ஒருநாள் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் தயவுசெய்து வந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். அந்தக் கோயிலின் குருவானவராக நான்கு வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து வந்து சேர்ந்த ஞானசிகாமணி ஐயருக்கும் அவர் மனைவி பொன்ரோஸுக்கும் இந்தப் பாஷை பிடிபட ஒரு வருடம் பிடித்தது. ஆனால் அன்பில்லாத ஊர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவர்கள் வந்து இறங்கிய அன்று வாசற்படியில் பதினொரு வீட்டுப் பலகாரம் காத்திருந்தது. பொன்ரோஸுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது முறைவைத்துத் துணி துவைத்துத் தந்தார்கள். மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே ஐயர் போதும் என்று மேலிடம் சொன்னபோது, எங்கள் ஐயர் எங்களுக்கே வேண்டும் என்று ஊரே கையெழுத்துப் போட்டு பிஷப்புக்கு எழுதியது. அந்தக் கடிதத்தின் நகலை ஐயர் சட்டம்போட்டு வைத்திருந்தார்.

ஊருக்கென்று ஒரே ஒரு பெருமைதான் உண்டு, அது ஆமோஸ் ஹேட்டர். கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்து இறங்கி, குளிர்காலம் முழுக்கக் களத்தில் கதிரடித்துப் பிழைத்தவர்களின் வேலையைப் பிடுங்கிக்கொண்ட 1830ஆம் வருடத்தில், இந்த ஊர் ஆட்கள் திரண்டுபோய்ப் பண்ணையாரின் இயந்திரத்தைச் சம்மட்டியால் உடைத்தார்கள் என்றும், அவர்களுக்குத் தலைவன் ஆமோஸ் என்றும், பட்டாளம் தேடி வந்தபோது ஊரே அவனைப் பதினொரு நாள் வைக்கோல் பரணில் ஒளித்துவைத்து, பெண்கள் இடுப்பில் கட்டிய ஏப்ரனில் ரொட்டி மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்றும், பன்னிரண்டாம் நாள் வெளியூர் நாய் ஒன்று மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்தது என்றும் ஊர்க் கதை. மதுக்கடையில் அவன் பெயரில் ஒரு பீர், ஊர்க்கூடத்தில் அவன் படம், ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஆமோஸ் நாள். அன்றைக்கு அந்த ஒளித்துவைத்த கதையை நாடகமாகப் போடுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜனம் வந்து பார்த்து அழும்.

அப்படிப்பட்டவன் நேரில் வந்து நின்றபோது ஊருக்கு ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கத்தான் செய்தது. படத்தில் இருந்தவன் நெடியவன், சுருள்முடிக்காரன். வந்தவன் குட்டை, முன்பல் இரண்டு கிடையாது, ஈரக் கம்பளி ஆட்டின் வாடை அடித்தான். ஆனாலும் ஊர் சமாளித்துக்கொண்டது. மதுக்கடைக்கார டெரிக் தன்னுடைய பச்சைக் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போனபோது பிறந்த வருடம் 1804 என்பதைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே இருந்த பெண் யோசித்து 1984 என்று போட்டாள், பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தாலும் கூடினாலும் யாருக்கு நஷ்டம் என்றாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து அவனிடம் அந்தக் காலத்தில் டைனோசர் உண்டா என்று கேட்டுப் போனார்கள். பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து படமெடுத்தான், ஆனால் பக்கத்து மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த பெண் முன்னூறு வருடம் கழித்துத் திரும்பி வந்த செய்தியைப் போன வருடம்தான் போட்டதால் அவனுடைய ஆசிரியர் இதைப் போடவில்லை. யார் வீட்டில் என்றைக்குச் சாப்பாடு என்று மார்ஜரி ஒரு பட்டியல் எழுதிப் பலகையில் ஒட்டினாள். தங்குவதற்கு இடம் என்று வந்தபோது மட்டும் ஒரு வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் மகள் வருவதாக இருந்தாள், ஒரு வீட்டில் படிக்கட்டு சரியில்லை. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. யாரும் மாட்டேன் என்று சொல்லாமலே ஆமோஸ் ஐயர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"நமக்கு எதுக்கு ரோசு இந்த வம்பு?" என்றார் ஞானசிகாமணி. "நாமளே தாளு வருமா வராதான்னு கெடக்கோம். கையில ஒரு அடையாளச் சீட்டும் இல்லாத ஆளு."

"சீட்டு இல்லாட்டா மனுசன் இல்லையாக்கும்?" என்றாள் பொன்ரோஸ். "மாடி ரூம்பு சும்மாதான கெடக்கு. ஒரு வாய் கஞ்சிக்கு நம்ம வீட்டுல பஞ்சமா?"

தாள் என்று அவர் சொன்னது, அந்த நாட்டில் அவர்கள் நிரந்தரமாக இருந்துகொள்ளலாம் என்கிற உத்தரவை. அது வர இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஆமோஸ் பேசிய பழைய இங்கிலீஷ் ஊர்க்காரர்களுக்கே பாதிதான் விளங்கியது, பொன்ரோஸுக்கு முழுக்க விளங்கியது, ஏனென்றால் அவள் இங்கிலீஷ் படித்தது நானூறு வருடத்து மொழிபெயர்ப்பு வேதாகமத்தில். நாசரேத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா அதைத்தான் தலைகீழாக ஒப்பிக்க வைத்தாள். நான்கு வருடமாக அவள் வாயைத் திறந்தால் ஊரார் இன்னொருமுறை சொல்லச் சொல்வார்கள். ஆமோஸ் மட்டும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவன் தோட்டத்தைக் கொத்திக் கொடுப்பான், அவள் கதவுப்படியில் உட்கார்ந்து பயறு உடைப்பாள், இருவருமாக மழையையும் மண்ணையும் பற்றிப் பேசுவார்கள். கஞ்சிக்கு அவள் அரைத்த தேங்காய்த் துவையலை விரலில் தொட்டு நக்கி, கண்ணில் நீர் வர, இது நெருப்பா சாப்பாடா என்று கேட்டு, மறுநாளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஒருநாள் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு ஹன்னாவைப் பற்றிச் சொன்னான். தாய் தகப்பன் இல்லாமல், ஊர்ப் பொதுவில் ஆளுக்கொரு கவளம் போட்டு வளர்த்த பிள்ளை ஆமோஸ். அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவள் ஹன்னா ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பு ஓலை, இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவனைப் பிடித்தார்கள்.

"பரணில் இருந்து பிடித்தார்களா?" என்றாள் பொன்ரோஸ்.

"எந்தப் பரண்?" என்றான் அவன். "என் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது."

பிறகு, நடந்து வந்த காரணத்தைச் சொன்னான். வண்டியில் ஏற்றும்போது காவலுக்கு வந்த சேவகன், உன் ஊரே கூடி உன் பெயரைக் கொடுத்தது, தாளில் குறி போட்டுக் கொடுத்தது என்றான். ஆமோஸ் நம்பவில்லை. கப்பலில் ஆறு மாதம் நம்பவில்லை, இப்போது டாஸ்மேனியா என்கிறார்களே அந்தத் தீவில் கல் உடைத்தபோது நம்பவில்லை, நடந்த வழியெல்லாம் நம்பவில்லை. அந்தத் தாள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும், அது போதும். கோயிலில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு, ஊர்த் தாள் எல்லாம் அதில்தான் கிடக்கும், ஐயரைப் பார்க்கச் சொல்ல முடியுமா?

ஹன்னாவின் கல்லறையை இருவரும் அன்றைக்கே தேடிப் போனார்கள். பாசியைச் சுரண்டிப் பொன்ரோஸ் வாசித்தாள்: ஹன்னா ப்ராட், வில்லியம் ப்ராட்டின் மனைவி, ஒன்பது பிள்ளைகளின் தாய், வயது எழுபத்தொன்று. பழைய பதிவேட்டின்படி அந்தக் கல்யாணம் ஆமோஸைக் கொண்டுபோன ஆறாம் மாதம் நடந்திருந்தது. இன்றைக்கு ஊரில் பாதிப்பேர் அந்த ஒன்பது பிள்ளைகளின் வழி வந்தவர்கள். மார்ஜரி பெல்லும் அவர்களில் ஒருத்தி.

"மார்ஜரியின் தாடையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்" என்றான் ஆமோஸ். கல்லின் தலையை, ஒரு குழந்தையின் தலையைத் தொடுவதுபோலத் தொட்டான். "சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாமல் இருந்திருப்பாள். ப்ராட் வீட்டில் பசு உண்டு."

ஐயர் பெட்டியைத் திறக்க ஒரு மாதம் கடத்தினார். சாவியைக் காணோம் என்றார், ஈஸ்டர் வேலை என்றார். கடைசியில் பொன்ரோஸே சாவியைத் தேடி எடுத்து அவர் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று மத்தியானம் அவர் சாப்பிட வந்து உட்கார்ந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கு, என்னா?"

"இருக்கு" என்றார். "பண்ணையார் கோயிலுக்கு வந்து, ஒரு பேரு குடுங்க, மத்தவன் எல்லாம் ஏரைப் புடிக்கப் போவலாம், இல்லைன்னா அத்தன பேரையும் தூக்குல ஏத்துவேன்னு சொல்லியிருக்கான். அன்னைக்கு ஊருல அவன் குடிசை போக முப்பத்தெட்டு வீடு. முப்பத்தெட்டு வீடும் குறி போட்டுருக்கு. அப்ப இந்தக் கோயில்ல இருந்த ஐயருதான் தாளை எழுதியிருக்காரு." சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. "அவன்கிட்ட சொல்ல வேண்டாம் ரோசு. பூச்சி அரிச்சுட்டுன்னு சொல்லிருவோம்."

"உலகத்தச் சுத்தி நடந்து வந்தவன்கிட்டயா? ஒரு கோயில்ல ஐயரா இருந்துக்கிட்டு நீங்க சொல்லுத பேச்சா இது?"

அந்த வாரம் கோயிலின் பின்னறையில், மேசைமேல் தாளை விரித்து ஐயர் வாசித்தார். ஆமோஸுக்குப் படிக்கத் தெரியாது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் அவன் முகத்தில் ஒரு வீடு திறந்து மூடியது. இவன் என்னோடு சம்மட்டி தூக்கியவன். இவள் எனக்குப் பால் கொடுத்தவள். இவனுக்கு நான் கிணறு வெட்டிக் கொடுத்தேன். ஐயர் வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமோஸ் எழுந்து வந்து, பெயர்களுக்கு நேரே இருந்த மைக் குறிகளின்மேல், பெயர் எழுதத் தெரியாதவர்கள் போட்ட அந்தக் குறுக்குக் கோடுகளின்மேல், விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான்.

"முப்பத்தெட்டு இருக்கிறது" என்றான். "நீங்கள் முப்பத்தேழு சொன்னீர்கள்."

ஐயர் ஜன்னலைப் பார்த்தார். ஆமோஸ் பொன்ரோஸைப் பார்த்தான்.

அவள் அருகில் வந்து, விடுபட்ட அந்த வரியை வாசித்தாள். "ஹன்னா லவெல். நோயாளித் தகப்பனுக்குப் பதிலாக. தம்பி சைமனைக் காக்கும்பொருட்டு."

ஆமோஸ் தாளிலிருந்து விரலை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான். "குறி நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா?"

பொன்ரோஸ் பார்த்தாள். "கோணலாக இருக்கிறது. கை நடுங்கியிருக்கும்" என்றாள். ஆனால் அது நேராகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் அவன் தோட்டத்தைக் கொத்தினான், பட்டியல்படி வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டான், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜூன் மாதம் வந்தது. ஆமோஸ் நாளுக்குக் கொடி கட்டினார்கள். இந்த வருடம் உண்மையான ஆமோஸே இருப்பதால் நாடகத்தின் முடிவில் அவன் பரணிலிருந்து இறங்கி வந்து ஊருக்குத் தலைகுனிந்து வணங்கினால் போதும், வசனம் ஒன்றும் வேண்டாம் என்று மார்ஜரி சொல்லிக் கொடுத்தாள். அவன் சரி என்றான்.

வெயில் நன்றாக அடித்த சனிக்கிழமை. புல்வெளியில் நானூறு பேர். வண்டியில் வைக்கோல் அடுக்கிப் பரண் செய்திருந்தார்கள். வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள் ரொட்டியை மறைத்துக்கொண்டு வரிசையாக வர, ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்ற பாட்டைப் பாட, வெளியூர் ஜனம் கைக்குட்டையை எடுக்க, ஆமோஸ் வைக்கோலிலிருந்து இறங்கி வந்து நின்றான். வணங்கவில்லை. பச்சைக் கம்பளிச் சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் போடாமல், அடுத்த வீட்டுக்காரரிடம் மாடு காணாமல்போனதைச் சொல்வது போலச் சொன்னான்.

"இப்படி நடக்கவில்லை. என்னை யாரும் ஒளித்துவைக்கவில்லை. நாங்கள் பத்தொன்பது பேர் உடைத்தோம், கேட்க நாதியில்லாதவன் நான் ஒருவன் என்று என்னைக் கொடுத்தீர்கள். முப்பத்தெட்டு வீடும். எனக்குக் கோபம் இல்லை, அன்றைக்கு உங்களுக்குப் பயம். ஆனால் இந்தப் பாட்டை மட்டும் பாடாதீர்கள். நாய்மீது பழி போடாதீர்கள்."

பிறகு பெயர்களைச் சொன்னான். ஒருமுறை கேட்டது அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. ப்ராட் என்று சொன்னான், ஸ்டோக்ஸ் என்று சொன்னான், மதுக்கடை டெரிக்கின் வீட்டுப் பெயரைச் சொன்னான். ஹன்னாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. முப்பத்தேழோடு நிறுத்தி, போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். மார்ஜரி ஒலிபெருக்கியை எடுத்து, "மிகவும் சுவாரஸ்யமாக இருந்தது. கூடத்தில் தேநீர் தயார்" என்றாள்.

திங்கட்கிழமை, அவனுக்குச் சாப்பாடு போட வேண்டிய வீட்டில் ஆளில்லை. செவ்வாய்க்கிழமை அடுப்பு ரிப்பேர். புதன்கிழமை பலகையிலிருந்து பட்டியலே போய்விட்டது. மதுக்கடையில் அவன் உட்காரும் இடத்தில் பூச்சட்டி வைத்தார்கள். எதிரே வந்தவர்கள் அவனிடம் வானிலை நன்றாக இருக்கிறது என்றார்கள், முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அவன் ஆமோஸ்தானா என்ற சந்தேகம் எங்கிருந்தோ எழுந்து வந்தது. படத்தில் சுருள்முடி இருக்கிறதே என்றார்கள். மார்ஜரி பொன்ரோஸைக் கடைவாசலில் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்.

"எங்களிடம் வேறு என்ன இருக்கிறது ரோஸ்? பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ஒருவனைக் காப்பாற்றினோம் என்கிற ஒரு கதைதான் இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் நாங்கள் யார்?"

"நிஜமாகவே இப்போது காப்பாற்றலாமே" என்றாள் பொன்ரோஸ். "அவன் இங்கேதானே இருக்கிறான்."

மார்ஜரி அவள் சொன்னது விளங்காததுபோல இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பொன்ரோஸ் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஊர்க்கூடத்தில் கூட்டம் நடந்தது. பொன்ரோஸுக்கு அழைப்பு வரவில்லை. கோயில் கூரை விஷயம் என்று சொல்லி ஐயர் மட்டும் போய்வந்தார். வந்தவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அவள் கேட்டதற்கு, பேசினாவ, கலைஞ்சாவ, ஒண்ணும் முடிவாகல என்றார்.

ஜூலை மாதம் நான்காம் தேதி, காலை பதினொரு மணி. பொன்ரோஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஆமோஸ் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். நகரத்திலிருந்து ஒரு வெள்ளை வேனில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். இந்த வீட்டில் எந்த ஆவணமும் இல்லாத ஆள் ஒருவர் இருப்பதாக ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்கள்.

"இந்த ஊர்க்காரன்" என்றாள் பொன்ரோஸ். "நீங்கள் நிற்கிற நாட்டில், இந்த ஊரில், அதோ அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவன்."

"அப்படி இருந்தால் ஊர் மன்றம் சொல்லியிருக்குமே அம்மா" என்று அதிகாரி கடிதத்தை நீட்டினார். இந்த மனிதர் யார் என்று எங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தது. கீழே ஐம்பத்தாறு கையெழுத்துகள், அழகான, படித்தவர்களின் கையெழுத்துகள், மார்ஜரி பெல் என்று தொடங்கி இரண்டு வரிசையாக இறங்கி வந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். துணி துவைத்துக் கொடுத்தவர்கள், பலகாரம் கொண்டுவந்தவர்கள். இரண்டாவது வரிசையின் அடியில், அவ்வளவு இங்கிலீஷ் எழுத்துகளுக்கும் கீழே, ஒரு கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது. ஞானசிகாமணி. கல்யாணப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் போட்ட அதே ணகரத்தின் சுழி.

ஆமோஸ் அவள் முகத்தைப் பார்த்தான். கிழங்கு தோண்டிய மண்ணைக் கையிலிருந்து தட்டினான். பச்சைக் கம்பளிச் சட்டையைக் கழற்றி, மடித்து, டெரிக்கிடம் கொடுத்துவிடுங்கள் என்று சுவர்மேல் வைத்தான்.

"படித்துக் காட்டவா?" என்றாள் அவள்.

"வேண்டாம் அம்மா" என்றான். "இந்தத் தடவை தெரியும்."

வேன் கதவைத் தானே திறந்துகொண்டு ஏறினான். தெருவில் ஒருவரும் இல்லை, ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்துவிடப்பட்டிருந்தன, ஏதோ ஒரு வீட்டில் ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாடு விசாரித்ததில், அவன் சட்டப்படி கடைசியாகக் குடியிருந்த இடம் டாஸ்மேனியா என்று பழைய ஏடுகளில் இருப்பதால், அங்கேயே அனுப்பிவைத்துவிட்டதாக ஒரு வரியில் பதில் வந்தது.

ஐயர் மத்தியானம் வந்தார். துணி பாதி காய்ந்து பாதி கூடையில் கிடந்தது. பொன்ரோஸ் கிழங்குக் குழிகளை மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தான் ரோசு" என்றார். "சீட்டு இல்லாதவன வீட்டுல வச்சிருந்தா நம்ம தாளு கெடைக்காது. அம்பது பேரு போடுத எடத்துல நான் மட்டும் போடாம நின்னா நாளைக்கு நம்மளையும் இதே மாதிரி எழுதுவாவ. நீ ஊருக்குத் திரும்பிப் போயி யாரு மொகத்துல முழிப்ப?"

"எனக்காகன்னு சொல்லாதீய" என்றாள். "நான் கேட்டனா? அந்த ஹன்னா பிள்ள தம்பிக்காகன்னு போட்டா. அவளுக்கு வயசு இருவது, எழுத்து தெரியாது, தலைக்கு மேல பண்ணையாரு நின்னான். உங்க தலைக்கு மேல யாரு நின்னா?"

அவர் கூடையில் கிடந்த ஈரத் துணி ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டார்.

"என்கிட்ட கூரைன்னு சொன்னீயளே" என்றாள். "அதத்தான் தாங்க முடியல."

அந்த வருடக் கடைசியில் தாள் வந்தது. இருவரும் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அந்த நாட்டில் இருந்துகொள்ளலாம். ஐயர் அதை மேசைமேல் வைத்தார், அவள் மேசையைத் துடைக்கும்போது அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் துடைத்தாள். சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆமோஸ் நாளில் இப்போது நாடகம் இல்லை. சாக்கு ஓட்டமும் கேக் போட்டியும் நடக்கின்றன. பீரின் பெயர் மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்ரோஸ் கோயிலுக்கு வராமல் இருப்பதில்லை. ஆமோஸ் போன வாரத்து ஞாயிறன்று, திருவிருந்துக்கு எல்லோரோடும் எழுந்து வந்து, பீடத்தின் முன்னால் உள்ள கிராதியருகே முழங்காற்படியிட்டாள். ஐயர் வரிசையாக ஒவ்வொரு கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டு வந்தார். அவள்முன் வந்து நின்றார். அவள் இரண்டு கைகளையும் மூடி வைத்திருந்தாள்.

"கைய நீட்டு ரோசு" என்றார் மெதுவாக, தமிழில்.

அவள் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "அவன் எங்கே?"

யாரும் இன்னொருமுறை சொல்லச் சொல்லவில்லை. ஆர்கன் ஒலித்துக்கொண்டே இருந்தது. அவள் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த மார்ஜரி, நீட்டிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பள விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். ஊர் அதையும் தனக்குள் ஏற்றுக்கொண்டது: கிராதியில் அவளுக்கு இந்தப்பக்கம் ஓர் ஆள் இடமும் அந்தப்பக்கம் ஓர் ஆள் இடமும், மிகவும் மரியாதையாக, விட்டுவைக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது பார்த்துக் கேட்டால், அது எங்கள் ஐயரம்மாவின் வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவள் கேள்வியைத் திரும்பக் கேட்பதில்லை. மூடிய கைகளோடு முழங்காலிட்டிருக்கிறாள். ஞானசிகாமணி ஐயர் அப்பத்தை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம், அவள்முன் நிற்கிறார்.